மாமூல் தடம் எங்கே போகிறது?

கேள்வி (சுருக்கப்பட்டது): நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 3 ஏக்கர் 20 சென்ட் காப்பித் தோட்டமும், அதில் எட்டு அறைகள் கொண்ட பழைய ஓட்டு பங்களாவும் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டு மகன்கள், மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து வாழ ஆசைப்படுகிறோம். அஸ்தம்பட்டியில் உள்ள சொந்த வீட்டை விற்று, மகன்களின் சேமிப்பையும் சேர்த்து வாங்கலாம் என்றிருக்கிறோம். சொத்துக்கு உரிமையாளர்கள் மூவர். அவர்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், வாங்கியவர்தான் விற்கிறார். பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பழைய பத்திரத்தின் நகல் ஆகியவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். 2 லட்சம் ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். மாதக் கடைசிக்குள் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். பங்களாவுக்குக் கீழே சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை எடுத்துவிட்டு மேலும் நான்கு அறைகள் கட்ட மகன்கள் நினைக்கிறார்கள். பாதை மேலே உள்ள எஸ்டேட்டின் வழியாக வருகிறது. தண்ணீரும் அந்த எஸ்டேட்டின் ஊற்றிலிருந்துதான் குழாயில் வருகிறது. தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் இருக்கிறது. அவர்களைக் காலி செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கணவருக்கு 71 வயது. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். வாங்கலாமா?

– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பிய நகல்களையும் நிதானமாகப் படித்தேன். இப்போதைக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்தச் சொத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது பங்களாவை. ஆனால் மலையில் ஒரு வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்குபவை அதற்குப் போகும் பாதை, அதற்கு வரும் தண்ணீர், அது நிற்கும் நிலத்தின் எல்லை, அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்கள் ஆகியவைதான். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட நீங்கள் அனுப்பிய காகிதங்களில் தெளிவான பதில் இல்லை.

பாதையிலிருந்தே தொடங்குகிறேன். பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் "மாமூல் தட வழி பாத்தியம் சகிதம்" என்று, அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதையில் போகும் உரிமையோடு என்று, எழுதியிருக்கிறார்கள். சேலத்துப் பத்திரங்களில் பழகிப்போன வரி இது. பத்திர எழுத்தர்கள் கை பழக்கத்திலேயே எழுதிவிட்டுப் போவார்கள். அந்தத் தடம் எந்த சர்வே எண்ணில் தொடங்குகிறது, யாருடைய நிலத்தின் வழியாக வருகிறது, எத்தனை அடி அகலம், ஆள் நடக்க மட்டுமா, லாரியும் வரலாமா என்று எதையும் அது சொல்லவில்லை. தார்ச் சாலையிலிருந்து உங்கள் வாசல் வரை உள்ள அரை கிலோமீட்டர் தூரமும் மேல் எஸ்டேட்டின் வழியாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே கேட் ஒன்று இருப்பதாகவும், காவலாளி திறந்துவிடுவதாகவும் சொல்கிறீர்கள். கேட்டும் காவலாளியும் இருக்கிற இடத்தில், "இது உரிமையா, அனுமதியா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியாகப் போகும் பாத்தியத்தை எழுதி வாங்கலாம். அல்லது 20 ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி அடையலாம். ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு நடந்தால், எத்தனை ஆண்டு நடந்தாலும் அது அனுமதியாகவே நிற்கும். அனுமதி கொடுத்தவர் தம் நிலத்தை விற்றுவிட்டால், வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது. மேல் எஸ்டேட்காரர் இன்று நல்ல மனிதராக இருக்கலாம். நாளை அவர் ஒரு ரிசார்ட் நிறுவனத்துக்கு விற்றால், கேட்டில் பூட்டுத் தொங்கும். வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசிய வழி கேட்டு நீதிமன்றம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து பிரிந்தவை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை பேரப்பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போவார்கள்?

ஆகவே, மேல் எஸ்டேட் உரிமையாளர் தனிப் பத்திரம் ஒன்று எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். அதில் சர்வே எண், அகலம், நீளம், கார், லாரி முதலிய வாகனங்கள் போக வர உரிமை, அதைச் செப்பனிடும் உரிமை, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் கொண்டுவரும் உரிமை எல்லாம் வர வேண்டும். அதோடு ஒரு வரைபடமும் இணைக்கப்பட வேண்டும். இதை வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பு. புரோக்கர் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றால், பிரச்சினை இல்லாததை எழுதித் தர ஏன் தயக்கம் என்று கேளுங்கள்.

தண்ணீருக்கும் இதே கதைதான். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கீழே சேலத்தைவிட நிறைய அதிகம். அதைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்கு என்ன குறை வரப்போகிறது என்று நினைக்கிறார்கள். மழை பெய்வது வேறு, அந்தத் தண்ணீர் நிலத்தில் தங்குவது வேறு. சரிவில் விழும் மழை ஓடைகளில் இறங்கிப் போய்விடுகிறது. அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதில் விரிசல் இருக்கும் இடத்தில்தான் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர். பத்தடி தள்ளித் தோண்டினால் புழுதிதான் வரும். "போர் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி விலை பேசாதீர்கள்.

ஏப்ரல் மாதத்தில், கோடை மழை விழுவதற்கு முன், ஒரு நாள் போய் அந்தக் குழாயின் முனையில் ஒரு 15 லிட்டர் வாளியை வையுங்கள். நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். உங்கள் வீட்டில் பத்துப் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால் 1,350 லிட்டர் தேவை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வந்தால் 24 மணி நேரத்தில் 1,440 லிட்டர் சேரும். பெரிய தொட்டி ஒன்று கட்டிவைத்தால் குடும்பத்துக்குப் போதும். காப்பிச் செடிக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. வாளி நிரம்ப 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துத்தான் வாழ வேண்டியிருக்கும். அந்த லாரியும் அதே கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஊற்று இன்னொருவர் நிலத்தில் இருப்பதால், தண்ணீர் எடுக்கும் உரிமையும் பாதைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இனி எல்லைக்கு வருகிறேன். பத்திரத்தில் 3 ஏக்கர் 20 சென்ட் என்றிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டாவில் பரப்பு 1.13.0 ஹெக்டேர் என்றிருக்கிறது. ஹெக்டேரில் எழுதினால் பலருக்கும் பிடிபடுவதில்லை. ஒரு ஹெக்டேர் என்பது 100 ஏர். ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். 113 ஏர் என்றால் 2 ஏக்கர் 79 சென்ட். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையில் 41 சென்ட் காணவில்லை. ஏறக்குறைய 17,860 சதுர அடி! அஸ்தம்பட்டியில் எத்தனை வீட்டு மனைகள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்களோ 3 ஏக்கர் 20 சென்டுக்கு விலை பேசியிருக்கிறீர்கள்.

இதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆர். காலத்தில், அளவு பிழையாகப் பதிவாகியிருக்கலாம். அந்த 41 சென்ட் பக்கத்து எஸ்டேட்டின் பட்டாவில் சேர்ந்திருக்கலாம். அல்லது கிழக்கு எல்லையாகச் சொல்லப்பட்டுள்ள ஓடையின் புறம்போக்கையும் சேர்த்துப் பத்திரம் எழுதியிருக்கலாம். முதல் காரணமானால் மனு போட்டுத் திருத்தலாம். இரண்டாவதானால் அண்டை நிலத்தாரோடு வழக்கு. மூன்றாவதானால் அந்த நிலம் யாருக்கும் விற்க முடியாத அரசு நிலம். எது என்று காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. புல வரைபடமும், நிலத்தின் வகையும் பரப்பும் எழுதப்பட்ட கிராமக் கணக்கான ஏ-பதிவேட்டின் நகலும் வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அரசு சர்வேயரை வைத்து, அண்டை நிலத்தார் முன்னிலையில் கல் நடச் செய்யுங்கள். அளந்து கிடைக்கும் சென்டுக்கு மட்டும் விலை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஏ-பதிவேட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை முழுவதும் பரம்பரையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களில் நிலமற்றவர்களுக்கு அரசு ஒப்படை செய்த, அதாவது ஒதுக்கிக் கொடுத்த, நிலங்களும் இங்கே உண்டு. ஒப்படைப் பட்டா நிபந்தனையோடுதான் வரும். நிபந்தனையை மீறிக் கை மாறிய நிலம் எத்தனை பத்திரம் கடந்து வந்திருந்தாலும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மூன்று ஏக்கரில் ஒரு மூலை அப்படிப்பட்டதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை; அது இன்னொரு குடும்பத்துக்கு வாழ்வாதாரமாகக் கொடுக்கப்பட்டது.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுகளுக்கு எடுத்திருக்கிறீர்கள், போதாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே ஏற்காட்டுக்குக் காப்பி வந்துவிட்டது. இங்குள்ள எஸ்டேட்டுகள் பல தலைமுறைகளாகப் பெரும் பரப்பாகக் கை மாறி, பிறகு துண்டு துண்டாகப் பிரிந்தவை. கணினியில் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் புத்தகங்களில் தேடச் சொல்லி மனு கொடுங்கள். இந்த மூன்று ஏக்கர் எந்த எஸ்டேட்டிலிருந்து, எந்தப் பத்திரத்தால் பிரிந்தது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் தடத்தின் வரலாறும் தெரிந்துவிடும். காப்பித் தோட்டம் என்ற காரணத்தால், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு அளவு விதிக்கும் நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்குப் பெற்ற எஸ்டேட்டின் துண்டாக இது இருந்தால், அந்த விலக்கு ஆணையையும் கேட்டு வாங்குங்கள்.

பவர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். மூன்று உரிமையாளர்களும் உயிரோடு, நடமாட்டத்தோடு, பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும்போது, அவர்களே வந்து கையெழுத்திடுவதில் என்ன தடை? தகப்பனார் விட்டுச் சென்ற சொத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மகள்களும் இருக்கிறார்களா என்று வாரிசுச் சான்றில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், விற்பனைக்கு முன் எழுதும் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெரிய தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

மகன்களின் திட்டத்தைப் பற்றி எழுதும்போது அவர்கள் மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன். ஆனால் திட்டம் இப்போதுள்ள வடிவத்தில் நடக்காது. மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். சில்வர் ஓக்கும் இதற்குள் அடங்கும். அடுத்தது கட்டடம். 1990ஆம் ஆண்டின் அரசாணை 44 பட்டியலிட்ட மலைக் கிராமங்களில் ஏற்காட்டுக் கிராமங்களும் உண்டு. அங்கே புதிதாகக் கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வழிமுறையில் போக வேண்டும். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் கேட்கப்படும். "பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருக்கிறார்களே, வீட்டு வரி ரசீதுகூட இருக்கிறதே" என்று புரோக்கர் சொல்வார். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது.

அனுமதி கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய படத்தில் பங்களாவின் கீழ்ப்பக்கம் தரை செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சில்வர் ஓக் மரங்கள் காப்பிக்கு நிழல். மிளகுக் கொடிக்குப் பற்றுக்கோல். அவற்றின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது, சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வேரோடு நின்ற மரங்களையும் பாறையையும் இழுத்துக்கொண்டு வந்த மழை அது. மரத்தை எடுத்து, மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, நான்கு அறைகளைக் கட்டினால் பேரப்பிள்ளைகள் தூங்குவது அந்தச் சரிவின் விளிம்பில். இருக்கிற எட்டு அறைகளைச் சீராக்கி வாழ முடியுமா என்பதுதான் மகன்கள் போட வேண்டிய கணக்கு. முடியாது என்றால் இந்த இடம் உங்கள் குடும்பத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை.

பங்களாவைப் பற்றி ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். உத்தரத்தில் கரையான், சுவரில் ஓதம், கழிவுநீர்த் தொட்டி ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரச் செலவு, அரசின் வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் அதிகமானதன் மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் வரும்.

அஸ்தம்பட்டி வீட்டை விற்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர் பக்கமிருந்து என்றால் ஏற்காட்டுக்கு வரும் தூரம் தனி. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நெஞ்சு வலிக்கு விரிவான சிகிச்சை சேலத்தில்தான். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் எறும்பு வரிசையாக நிற்கும். மூடுபனி இரவுகளில் வளைவே தெரியாது. இதய நோயாளி ஒருவர் இருக்கும் குடும்பம், இறங்கி வந்து தங்கச் சேலத்தில் ஒரு கதவு வைத்திருக்க வேண்டும். பணத்துக்காக அந்த வீட்டை விற்றே ஆக வேண்டும் என்றால், மலைச் சொத்து உங்கள் சக்திக்கு மீறியது என்றுதான் பொருள். சிறிய வீடாகப் பாருங்கள், அல்லது ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பணம் போடுவது நான்கு பேர் என்றால் பத்திரத்தில் நான்கு பெயர்களும், அவரவர் பங்கின் அளவும் எழுதப்படட்டும். மூத்த மகன் பெயரில் மட்டும் வாங்கலாம் என்ற யோசனை அன்பினால் வந்திருக்கும். இளையவருக்கு நாளை வேலை மாறிப் பங்கைக் கேட்டால் அந்த அன்புதான் முதலில் அடிபடும். சரிவில் இருக்கும் நிலத்தை மனையைப் போல் கோடு போட்டுப் பிரிக்கவும் முடியாது.

அந்தத் தொழிலாளர் குடும்பத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. தலைமுறையாக அங்கே லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருப்பவர்கள் என்று தெரிகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, ஓர் இடத்தில் ஒருவர் குடியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதை அறிந்தே நீங்கள் வாங்கியதாகக் கொள்ளப்படும். "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்ல இடமில்லை. பவர்காரர் காலி செய்து தருவது என்றால் எப்படிக் காலி செய்வார்? மழைக்காலத்தில் கூரையைப் பிரித்தா? அப்படிக் கிடைக்கும் வீட்டில் நீங்கள் குடிபோக மாட்டீர்கள் என்று உங்கள் எழுத்தைப் படித்து நம்புகிறேன்.

புரோக்கர் இல்லாமல் நீங்களும் உங்கள் கணவரும் போய் அந்தத் தொழிலாளர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், கூலி பாக்கி உண்டா, ரேஷன் அட்டையும் மின் இணைப்பும் அந்த முகவரியில் இருக்கின்றனவா, வேறு வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பிச் செடி பூக்க உதவும் பூமழை எப்போது விழும், ஊற்று எந்த ஆண்டு வற்றியது, காட்டெருமை எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். அவர்கள் இருக்கட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், எந்த ஏற்பாட்டில், எந்த அளவு இடத்தில் என்று எழுத்தில் வையுங்கள். போக விரும்பினால், உரிமையாளர்கள் நேரடியாகக் கணக்கை முடித்து, போதிய அவகாசமும் தொகையும் கொடுத்ததற்கான பதிவு ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

இந்த வாரம் பவர்காரருக்கு எழுத்து மூலம் நான்கு கோரிக்கைகளை அனுப்புங்கள்: சர்வேயர் அளவை, மேல் எஸ்டேட்டிடமிருந்து பாதைக்கும் தண்ணீருக்கும் பதிவுப் பத்திரம், மூன்று உரிமையாளர்களின் நேர்க் கையெழுத்தோடு பதிவு செய்த ஒப்பந்தம், தொழிலாளர் குடும்பத்தோடு நேரடித் தீர்வு. மாதக் கடைசி என்ற கெடு அவர்கள் வைத்தது; உங்களைக் கட்டாது. மேல் எஸ்டேட்காரர் எழுதித் தர மறுத்தால் அன்றே விலகிவிடுங்கள். 2 லட்சத்துக்கு அவர்கள் கொடுத்த ரசீதின் நகல் உங்கள் உறையில் இல்லை. அதை அனுப்பிவையுங்கள், தொகையைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.